வீடும் பள்ளியும்: ஆங்கிலம் கற்கும் நம் குழந்தைகள்

சித்தூரிலோ திருப்பதியிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை ஒரு நாளில் எத்தனை மொழிகளைக் கேட்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் தாய் எழுப்புவது தமிழில். பால் கொணர்பவரும் பக்கத்து வீட்டாரும் பேசுவது தெலுங்கில். பள்ளி வாயிலைக் கடந்ததும் பாடநூல் ஆங்கிலத்தில். மாலையில் தெருவில் விளையாட்டு மறுபடியும் தெலுங்கில். இரவில் பாட்டி சொல்லும் கதை தமிழில். பெரியவர்களாகிய நமக்கே மலைப்பூட்டும் இவ்வேலையை ஐந்து வயதுக் குழந்தை முணுமுணுக்காமல் செய்துவருகிறது.

இந்நிலையில் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். எங்களுக்கோ ஆங்கிலம் சரளமாக வாராது. தமிழை நிறுத்திவிட்டால் குழந்தை விரைவில் முன்னேறுமா?" என்பதே அது. இத்திங்கள் அவ்வினாவுக்கே விடை கூற முற்படுகிறோம். நிறுத்த வேண்டா என்பது எம் விடை. ஆங்கிலம் நன்றாக வரவேண்டும் என்பதற்காகவே தமிழை நிறுத்த வேண்டா என்கிறோம். இதற்குரிய காரணங்களையும், ஆங்கிலம் அறியாத தாய்தந்தையரும் செய்யக்கூடிய பணிகளையும் கீழே விளக்குவோம்.

இம்மண்ணின் இயல்பு

பல மொழிகள் கலந்து வாழ்தல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைக்கப்பெற்றபோது வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகள் அதில் ஒன்றாக இணைந்தன. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. எல்லைப் பிணக்கு தீர்ந்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு இடம் மாறினும் மக்கள் பேச்சு கோட்டோடு நின்றுவிடவில்லை. திருமலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பல தமிழில் இருப்பதை நாம் அறிவோம்.

இத்தகைய சூழலில் வளர்ந்த குழந்தைக்கு ஆங்கிலம் எட்டாக்கனியாகிவிடுமா? டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தார். அவர் வீட்டு மொழி தெலுங்கு; ஊரிலே தமிழும் தெலுங்கும். சிறு வயதில் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிற் பயின்று, பின்னர் வேலூரிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றார். அவரே 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து ஆங்கிலேயர்க்கு ஆங்கிலத்தில் தத்துவம் போதித்தார். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியைச் சார்ந்த கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியார் கேம்பிரிட்ஜில் பயின்று, 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். தெலுங்கிலும் பெரும் இலக்கியத் திறனாய்வாளராக விளங்கினார். எல்லாக் குழந்தைகளும் இராதாகிருஷ்ணன் ஆவர் என்று யாம் கூறவில்லை. வீட்டு மொழி ஆங்கிலத்திற்கு முட்டுக்கட்டை என்னும் அச்சத்திற்கு இம்மண்ணிலேயே மறுப்பு இருக்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

இரண்டு வகை ஆங்கிலம்

கனடா நாட்டுக் கல்வி ஆராய்ச்சியாளர் ஜிம் கம்மின்ஸ் என்பார், அந்நாட்டிற் குடியேறியோரின் குழந்தைகளை ஆராய்ந்து, 1979 முதலாக ஓர் உண்மையை வலியுறுத்தி வந்தார். ஒரு மொழியில் உரையாடும் திறன் வேறு, அம்மொழியிற் பாடம் கற்கும் திறன் வேறு என்பதே அது. "என் பென்சில் எங்கே?", "நான் விளையாட வரட்டுமா?" போன்ற பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிற் கைவரும். வரலாற்றுப் பாடத்தைப் படித்துக் காரணம் கூறவும், கணக்கின் வினாவைப் புரிந்துகொள்ளவும் வேண்டிய மொழித்திறனுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம்.

இவ்வேறுபாட்டை அறியாமையால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. இரண்டாம் வகுப்பிலேயே குழந்தை ஆங்கிலத்தில் மளமளவென்று நான்கு வாக்கியம் பேசக் கேட்டு, இனிக் கவலையில்லை என்று சிலர் இருந்துவிடுகின்றனர். நான்காம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததும், குழந்தைக்கு அறிவு போதாது என்று வேறு சிலர் முடிவுகட்டுகின்றனர். இரண்டும் பொருந்தா. ஆங்கிலம் இன்னும் முதிரவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை நிலை.

கம்மின்ஸ் கூறிய இன்னொரு கருத்து நமக்கு இன்னும் முக்கியமானது. கடலில் மிதக்கும் இரண்டு பனிப்பாறைகளின் முகடுகள் தனித்தனியே தோன்றினும் நீருக்கடியில் அடிப்பாகம் ஒன்றாயிருத்தல் போல, ஒருவர் அறிந்த இரண்டு மொழிகளுக்கும் அடியில் பொதுவான அறிவு ஒன்று உண்டு என்றார் அவர். பெருக்கல் இன்னதென்று தமிழில் விளங்கிக்கொண்ட சிறுவன் அதனை ஆங்கிலத்தில் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டுவதில்லை. பெயரை மட்டும் கற்றாற் போதும். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் வித்தையை ஒரு மொழியிற் கற்றவனுக்கு மறுமொழியில் அது பாதி வேலை. ஆகவே வீட்டில் தமிழில் பேசிய பேச்சு எதுவும் வீண்போவதில்லை.

கொச்சை ஆங்கிலத்தால் வரும் இழப்பு

ஆங்கிலம் சரளமாக வாராத பெற்றோர் வீட்டில் ஆங்கிலமே பேசுவதென்று உறுதிகொண்டால் நடப்பது யாது? "கம்", "ஈட்", "ரீட்", "டோன்ட்" என்னும் ஏவற் சொற்களே எஞ்சி நிற்கும். மழை ஏன் பெய்கிறது, தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார், பக்கத்து வீட்டுப் பெண் ஏன் அழுதாள் என்பனவற்றைப் பற்றிய பேச்செல்லாம் நின்றுபோகும். குழந்தையின் அறிவை வளர்ப்பது ஏவல் அன்று, "ஏன்?", "எப்படி?" என்று நீளும் உரையாடலே. அதனைத் தாய் தனக்கு நன்கு தெரிந்த மொழியில்தான் நிகழ்த்த முடியும். தவறான ஆங்கிலத்தை ஐந்து ஆண்டு கேட்ட குழந்தையைத் திருத்துவது ஆசிரியருக்கும் கூடுதல் சுமையாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்து வயதிலேயே தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு, தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ மட்டும் விடை கூறும் பிள்ளைகளை நம் இல்லங்களிற் காண்கிறோம். வேலூரிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ வரும் பாட்டியுடன் அப்பிள்ளை இரண்டு வாக்கியத்துக்கு மேற் பேச இயலாமல் நிற்கிறான். அதுவாவது பொறுக்கலாம். பதினைந்து வயதில் அவனுக்கு ஒரு மனத்துயர் நேர்ந்தால், அதனைத் தாயிடம் எம்மொழியிற் சொல்வான்? பள்ளி ஆங்கிலத்தில் அவன் சொல்வது தாய்க்கு விளங்காது. தாயின் தமிழில் அவனுக்குச் சொற்கள் இரா. இவ்விழப்பை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யாது.

எங்கே இடறுகிறார்கள்?

தமிழ்க் குழந்தைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளிற் பல அறிவுக் குறைவால் வருவன அல்ல. தமிழ் இலக்கணத்தை அப்படியே ஆங்கிலத்தில் பொருத்துவதால் வருவன. அவற்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, எழுத்து. தமிழில் 'ப' என்னும் ஓரெழுத்தே இடத்திற்கேற்ப இருவகையாக ஒலிக்கும். எனவே பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே அமையும். க, ட, த எழுத்துகளுக்கும் இதுவே நிலை. இங்கே தெலுங்கு நமக்குத் துணைவருகிறது. தெலுங்கு நெடுங்கணக்கில் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தெலுங்கு எழுத்தை நன்கு கற்ற நம் குழந்தை இவ்விடத்தில் தடுமாறுவது குறைவு. "தெலுங்கும் எதற்கு? சுமைதானே?" என்று சலித்துக்கொள்வோர் இதனைக் கருத வேண்டும்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டு. தமிழும் தெலுங்கும் பெரும்பாலும் ஒலிக்கிறவாறே எழுதப்படுவன. ஆங்கிலத்தில் கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல் 'கே' என்னும் எழுத்தில் தொடங்குகிறது. அவ்வெழுத்து ஒலிப்பதே இல்லை. குழந்தை இதனைக் கண்டு திகைப்பது இயல்பு. "இம்மொழியின் வழக்கம் அப்படி" என்று கூறி, ஒத்த சொற்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காட்டினால் மனத்திற் பதியும்.

மூன்றாவது, சொற்களின் வரிசை. "நான் மாம்பழம் தின்றேன்" என்பதில் வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது நடுவே வந்துவிடும். "மேசைமேல்" என்பதில் 'மேல்' பின்னே வருகிறது; ஆங்கிலத்தில் 'ஆன்' என்பது முன்னே நிற்கும். "இரண்டு புத்தகம்" என்பது பேச்சுத் தமிழில் வழு அன்று. ஆங்கிலத்தில் 'டூ புக்' என்பது வழு. "பதிமூன்று" என்பதிற் பத்து முன்னும் மூன்று பின்னும் வருகின்றன; ஆங்கிலத்தின் 'தர்ட்டீன்' மூன்றை முன்னே வைக்கிறது. அச்சொல் 'தர்ட்டி' என்பதுடன் மயங்குவதும் இதனோடு சேர்ந்த தொல்லை. "அல்லவா" என்னும் ஒரு சொல்லை எங்கும் சேர்க்கும் பழக்கத்தால், நம் பிள்ளைகள் எவ்வாக்கியத்தின் இறுதியிலும் 'இஸின்ட் இட்' என்கின்றனர்.

இவற்றை இலக்கண விதியாக ஓத வேண்டா. "நம் தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் அப்படி" என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினாற் போதும். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே தோன்றும்.

வீட்டிற் செய்யத்தக்கவை

முதற்பணி, பாடத்தைத் தமிழிற் கேட்டல். ஆங்கிலமே அறியாத தாயும் மாலையில், "இன்று அறிவியலில் என்ன சொன்னார்கள்? எனக்குச் சொல்லிக்கொடு" எனலாம். நீர் ஆவியாதலைப் பற்றிய பாடமாயின், அடுப்பிலிருக்கும் இட்லிப் பானையின் மூடியைத் திறந்து உட்புறத்துத் துளிகளைக் காட்டலாம். "இந்த நீர் எப்படி மேலே போயிற்று?" என்று வினவினால் குழந்தை தமிழில் விளக்கும், பின்னர் 'எவாபரேஷன்', 'கன்டென்சேஷன்' என்னும் பெயர்களைத் தானே சொல்லும். பொருள் விளங்கிய பின் வரும் சொல் மறவாது. பொருள் விளங்காமல் நெட்டுருப் போட்ட சொல் தேர்வு முடிந்த மறுநாளே ஓடிவிடும்.

இரண்டாவது, கதைப் புத்தகம். நாள்தோறும் கால்மணி நேரம் குழந்தையை அருகில் அமர்த்தி உரக்கப் படியுங்கள். ஒரே கதை இரு மொழிகளிற் கிடைப்பின் மிக நன்று. 1947 ஜூலையில் 'சந்தமாமா' தெலுங்கிலும் 'அம்புலிமாமா' என்னும் பெயரில் தமிழிலும் வெளிவரத் தொடங்கியதையும், அதே கதைகளை இரு மொழிப் பிள்ளைகளும் படித்து மகிழ்ந்ததையும் மூத்தோர் மறந்திரார். அவ்விதழ் இப்பொழுது இல்லை. ஆயினும் சென்னைத் துளிகா பதிப்பகம் ஆங்கிலத்துடன் தமிழையோ தெலுங்கையோ ஒரே பக்கத்தில் அச்சிட்ட படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ஸ்டோரிவீவர் வாயிலாகப் பல மொழிக் கதைகளை இலவசமாகவே வழங்கிவருகிறது, கைப்பேசியிலும் படிக்கலாம். தாய் தமிழ்ப் பகுதியையும் குழந்தை ஆங்கிலப் பகுதியையும் மாறிமாறிப் படித்தால் இருவருக்கும் பயன். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' இதழ் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் உட்பட ஆறு மொழிகளில் வெளிவருவது. ஒரே விழாவைப் பற்றிய செய்தியை மூன்று மொழிகளில் ஒப்பிட்டுப் படிக்க வளர்ந்த பிள்ளைகளைத் தூண்டலாம்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. பேசத் தெரிந்து எழுதத் தெரியாத தமிழ் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பதில்லை. பள்ளியில் தமிழ் இல்லையேல் வீட்டில்தான் கற்பிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் போதும். தெலுங்கு எழுத்தும் தமிழைப் போலவே அ, ஆ, இ, ஈ என்று தொடங்கும் வரிசை உடையதாகையால், ஒன்றைக் கற்ற குழந்தைக்கு மற்றது எளிது. எழுதக் கற்றதும் தாத்தாவுக்கு நான்கு வரி மடல் எழுதச் செய்யுங்கள். மறுமொழி வரும்போது குழந்தை அடையும் மகிழ்ச்சியே அடுத்த பாடத்திற்குத் தூண்டுகோல்.

நான்காவது, தெருவையும் கடையையும் பள்ளியாக்குதல். கடைப்பலகை, மருந்துப் பெட்டி, பிஸ்கோத்துப் பொட்டலம், திருமலைப் பாதையிற் பல மொழிகளில் எழுதிவைத்துள்ள அறிவிப்புகள் ஆகிய எல்லாம் படிக்கத்தக்கவை. "இந்தச் சொல் தமிழில் என்ன, தெலுங்கில் என்ன, ஆங்கிலத்தில் என்ன?" என்று கேட்டுக்கொண்டே நடந்தால் வழி தெரியாது.

ஐந்தாவது, திருத்தும் முறை. குழந்தை "ஐ மேங்கோ ஏட்" என்றால் நகைக்க வேண்டா. உறவினர் முன்னிலையிற் சொல்லிக் காட்டவும் வேண்டா. சரியான வாக்கியத்தை அறிந்தவர் அதனை இயல்பாகத் திருப்பிச் சொன்னாற் போதும். நகைப்புக்கு அஞ்சிய குழந்தை வாயையே மூடிக்கொள்ளும். பேசாத மொழி வளராது.

பெற்றோரில் ஒருவர் ஆங்கிலம் நன்கு அறிந்தவராயின் அவர் ஒரு வேளையை அதற்கென ஒதுக்கலாம். இரவு உணவின்போது ஆங்கிலம், மற்ற நேரம் தமிழ் என்று வகுத்துக்கொள்வது தக்கதே. தொலைக்காட்சியும் கைப்பேசியும் காதுக்குப் பழக்கம் தரும். ஆனால் அவை வினாவுக்கு விடை கூறா. உடனிருந்து பேசும் ஆளுக்கு அவை ஈடாகா.

பள்ளியிற் கேட்கத்தக்கவை

ஆசிரியரைக் காணப் பெற்றோர் தயங்க வேண்டா. "எங்கள் வீட்டு மொழி தமிழ்" என்பதை முதல் நாளிலேயே அவரிடம் தெரிவியுங்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தை சில திங்கள் பேசாமலே இருத்தல் உண்டு. அக்காலத்தில் அது கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கும். அதனை மந்தம் என்று எவரும் கருதாதிருக்க இத்தகவல் உதவும். ஐயங்களைத் தெலுங்கிலேனும் கேட்கக் குழந்தைக்கு இசைவு தருமாறு வேண்டலாம். வரும் வாரப் பாடத்தின் முக்கியச் சொற்களை முன்னரே குறித்துத் தருமாறும் கேட்கலாம்.

மொழிகளைக் கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளமன்று. பன்மொழிக் குழந்தைகள் பலர் ஒரு பருவத்தில் அவ்வாறே பேசுவர். ஆனால் உரிய வயது வந்தும் குழந்தை எம்மொழியிலும் பேசவில்லையாயின், மொழிகளின் மீது பழிபோட்டுக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதிப்பது கட்டாயம்.

சட்டமும் நம் பக்கத்தில் ஓரளவு நிற்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு, 1956-இல் சேர்க்கப்பெற்ற அரசியலமைப்பின் 350-அ உறுப்பு கூறுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழிவழியையே சொல்கிறது. ஆந்திரத்தில் 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்றப் பிறப்பித்த ஆணையை 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பின்னர்த் தெலுங்கும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பாடநூல்கள் வந்தன. தெலுங்கு படிக்கும் நம் குழந்தைக்கு அவை மிகவும் பயனுடையன. வாங்கிவைத்தும் ஒரு பக்கத்தையே பார்ப்பது அந்நூலை வீணாக்குவதாகும். எவ்வழிப் பள்ளியைத் தேர்வது என்பது அவரவர் குடும்பநிலையைப் பொறுத்தது. யாம் வற்புறுத்துவது பள்ளியின் மொழியைப் பற்றியன்று, வீட்டின் மொழியைப் பற்றி.

இவ்வாரமே ஒரு சோதனை

இறுதியாக, பெற்றோர் ஒவ்வொருவரும் இவ்வாரமே செய்துபார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறோம். குழந்தையை ஆங்கிலப் பாடநூலில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் நூலை மூடிவைத்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று தமிழிற் கேளுங்கள். தெளிவாகக் கூறினால் கவலையில்லை. தங்குதடையின்றிப் படித்துவிட்டுப் பொருள் கூற இயலாமல் விழித்தால், குழந்தை ஒலியை மட்டுமே கற்றுவருகிறது என்பதை அறியுங்கள். அப்பத்தியை அன்றே தமிழில் விளக்குங்கள். உமக்கு இயலாவிடில் அறிந்த ஒருவரைக் கொண்டு விளக்கச் செய்யுங்கள். நாளுக்கு ஒரு பத்தி என்றால் ஓராண்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பத்திகள் ஆகும்.

பலர் கட்டணத்திற்கும் சீருடைக்கும் வண்டிக்கும் ஊதியத்திற் பெரும்பகுதியைச் செலவிடுகின்றனர். மாலையில் அரைமணிப் பொழுது தமிழிற் பேசுவதற்குக் காசு வேண்டியதில்லை. பள்ளியால் தர இயலாத ஒன்றை அக்குழந்தைக்கு அளிப்பது அப்பேச்சே.

அடுத்த திங்கள், தெலுங்கு அறிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை எத்தனை நாளிற் கற்பிக்கலாம், எவ்வெழுத்திலிருந்து தொடங்கலாம் என்பதைப் பற்றி எழுதுவோம்.